ஒசாஸைத் தேடி என் கணவர் படியிறங்கினார்

2005ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, என் கணவர் வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே விழுந்தார். இத்தாலியில், பலெர்மோவுக்குப் பக்கத்து மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தின் சமையலறை அது. கழுவிக்கொண்டிருந்த சட்டி கையை விட்டு நழுவியதாம். எடுக்கக் குனிந்தவர் எழும்பவில்லையாம். அப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது.

நான் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது கண் திறந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. ஆனால் வலது கையும் வலது காலும் வேறு யாருடையவோ போலக் கிடந்தன. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என் பெயரைச் சொல்லப் பார்த்தார். "ரா... ரா..." என்பதற்கு மேல் வரவில்லை. பக்கவாதம் என்றார் வைத்தியர். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் எவ்வளவு திரும்பி வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு பெல்லெக்ரினோ மலை ஏறுகிறவர்களுக்கு என்னைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ராஜினி. சாவகச்சேரிப் பக்கம். 2002இல் சண்டை ஓய்ந்திருந்த நேரத்தில் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்த மகளையும் கூட்டிக்கொண்டு பலெர்மோவுக்கு வந்தேன். என் கணவர் யோகன் முன்பே வந்து, பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி எடுத்து, எங்களைக் கூப்பிட்டவர். நான் ஓர் இத்தாலிய அம்மாவின், என் சின்யோராவின், வீட்டில் துப்புரவும் சமையலும் செய்தேன். நாங்கள் இருந்தது அல்பெர்கேரியாவில், பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில். லிப்ட் கிடையாது. படிகள் ஒடுக்கம், தேய்ந்து வழுக்கும். அவர் விழும்வரை அது எனக்கு ஒரு குறையாகவே பட்டதில்லை.

தை மாதம் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். தொடர்ந்து வைத்தியசாலைக்குக் கொண்டுவந்து பயிற்சி செய்விக்க வேண்டும், முதல் மாதங்கள்தான் முக்கியம், விட்டால் கையும் காலும் இறுகிவிடும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். தொடக்கத்தில் எங்கள் ஆட்கள் வந்தார்கள். கதிரையில் இருத்தி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். அவர்களை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். எல்லோரும் வேலைக்காரர். ஒருவருக்கு வேலை நேரம் மாறியது, ஒருவர் முதுகைப் பிடித்துக்கொண்டார், ஒருவர் வடக்கே மிலானோவுக்குப் போய்விட்டார். மாசி பிறக்கும்போது யாரும் இல்லை. பயிற்சி நின்றது.

அதோடு அவர் மனமும் நின்றுபோனது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். நான் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டால் பெர்மெசோவைப் புதுப்பிக்க முடியாது, மூன்று பேரும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே மறுபடி குண்டு வெடிக்கத் தொடங்கியிருந்தது. காலையில் அவருக்குப் பக்கத்தில் தண்ணீரும் பாணும் வைத்துவிட்டு, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போவேன். திரும்பி வரும்போது பாண் வைத்தபடியே இருக்கும்.

"அப்பாக்கு எங்களோட கோவமோ அம்மா?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

நான் சைவக்காரி. வீட்டில் பிள்ளையாரும் முருகனும் இருக்கிறார்கள். ஆனால் இந்த ஊருக்கு வந்த எங்கள் பெண்கள் பலரைப் போல நானும் பலெர்மோவைக் காக்கிற புனிதை, பெல்லெக்ரினோ மலைக் குகைக்குள் சிலையாகப் படுத்திருக்கிற ரோசாலியா அம்மாவிடம் போகிறவள். எந்தப் பெயரில் இருந்தாலும் தாய் தாய்தான் என்று நினைக்கிறவள். மாசியில் ஒரு ஞாயிறு, பக்கத்து வீட்டு அக்காவை அவருக்குத் துணை இருத்திவிட்டு, பஸ்ஸைப் பிடிக்காமல் பழைய கல்பாதையால் நடந்தே மேலே போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. குகைக்குள்ளும் பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவரை நடக்க வை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அது அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. கேட்டால் கிடைக்காது, கிடைக்காவிட்டால் நான் உடைந்துவிடுவேன் என்று பயந்தேன்.

"அம்மா, அவரைப் படியால இறக்கி ஏத்த ஒரு தோள் தா. மிச்சத்தை நான் பாக்கிறன்." அவ்வளவுதான் கேட்டேன்.

அந்தக் கிழமைக்குள்ளேயே ஒருநாள் வேலையால் வந்து படி ஏறுகிறேன், இரண்டாம் மாடித் திருப்பத்தில் என் கணவர் கிடக்கிறார். வீட்டில் யாரும் இல்லாத நேரம் அவருக்கு என்ன தோன்றியதோ, இடது கையால் கம்பியைப் பிடித்து வெளியே வந்து, படியில் உருண்டிருக்கிறார். அவருடைய தலை ஒரு கறுப்பு இளைஞனின் மடியில் இருந்தது. அவன் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்திவிட்டிருந்தான். குளிரில் அவன் கை மயிர் சிலிர்த்து நின்றது.

அவன் இத்தாலியனில் மெதுவாகச் சொன்னான். "எலும்பு ஏதும் முறிஞ்சிருக்குமோ எண்டு பயந்து தூக்கேல்லை. தனிய விட்டிட்டுப் போகவும் மனம் வரேல்லை."

முறிவு ஒன்றும் இல்லை. அவரைத் தடவிப் பார்த்துவிட்டு நான் தலையாட்டியதும், அவன் குந்தி, அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கையில் விட்டான். ஏறும்போதுதான் பார்த்தேன். அவனே ஒரு காலைத் தாங்கித் தாங்கித்தான் வைத்தான்.

அவன் பெயர் ஒசாஸ். நைஜீரியாவில் பெனின் நகரம். வயது இருபத்திரண்டு. எங்கள் கட்டடத்தின் மொட்டை மாடி அறையில் தன் ஊர்ப் பெடியன்கள் இருவரோடு தங்கியிருந்தான். உதைபந்து விளையாட வந்த பிள்ளை. சின்ன வயதிலிருந்து அவனுக்குப் பந்துதான் எல்லாம். ஐரோப்பாவில் ஒரு கழகத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று ஒருவன் ஊரிலிருந்து சில பெடியன்களைக் கூட்டிவந்திருக்கிறான். வந்த புதிதில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் ஒசாஸின் முழங்கால் திருகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த ஆள் தொலைபேசியை எடுக்கவே இல்லை. விசா முடிந்தது. பெர்மெசோ இல்லை. அந்த முழங்காலோடு பல்லரோவில் மரக்கறிப் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான்.

இவருக்குப் பயிற்சி நின்றுபோன கதையை அவனிடம் சொன்னேன். சந்தை வேலை விடியவே முடிந்துவிடும், பிறகு வந்து கொண்டுபோகிறேன் என்றான். முன்பின் தெரியாத ஆபிரிக்கப் பெடியனை வீட்டுக்குள் விடுகிறாயா என்று எங்கள் ஆட்கள் சிலர் கேட்டார்கள். நான் மலையில் என்ன கேட்டேன் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவனிடம் வீட்டுத் திறப்பில் ஒன்றைக் கொடுத்து, நான் வேலையில் இருந்தாலும் கதவைத் திறந்து வா என்றேன்.

பங்குனியிலிருந்து அவன் இவரை முதுகில் சுமந்து இறக்கினான். வைத்தியசாலையில் பயிற்சி கொடுத்தவர் ஜூலியா என்ற பெண். நல்ல மனுசி, ஆனால் கண்டிப்பு. இவர் ஒத்துழைக்கவில்லை. காலைத் தூக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வார். சில நாட்கள் பார்த்துக்கொண்டிருந்த ஜூலியா, ஒருநாள் இவரை விட்டுவிட்டு ஒசாஸைப் பக்கத்துக் கட்டிலில் படுக்கச் சொன்னார். அவனுடைய முழங்காலை மடக்கி, நீட்டிப் பார்த்தார். இதை யாருக்கும் காட்டாமல் பெட்டி தூக்குகிறாயா என்று நன்றாக ஏசினாராம். பிறகு அவனுக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்.

அன்று வீட்டுக்கு வந்து ஒசாஸ் இவரோடு ஒரு பேச்சுப் பேசினான். "அண்ணை, நீங்கள் ஒருக்கால் தூக்கினால் நானும் ஒருக்கால் தூக்குவன். நீங்கள் விட்டால் நானும் விடுறன். என்ர கால் பழுதாய்ப் போனால் அது உங்கட பொறுப்பு."

இவர் இந்த முறை கண்ணை மூடவில்லை. பிறகு வலது கால் படுக்கையில் கொஞ்சம் அசைந்தது.

அப்படித்தான் தொடங்கியது. இரண்டு பேரும் தரையில் பாய் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு கால் தூக்குவார்கள். மகள் தலைமாட்டில் நின்று இத்தாலியனில் எண்ணுவாள். அவன் எங்களிடமிருந்து தமிழ் பிடித்தான். ஓம், வாறன், சாப்பிட்டாச்சு. என்னை அக்கா என்றான். பின்னேரங்களில் எங்களோடு சோறு சாப்பிட்டான். உறைப்பில் எங்களைத் தோற்கடித்தான்.

பயிற்சி செய்யும்போது அவன் மெல்லப் பாடுவான். அவனுடைய அம்மா தேவாலயத்தில் பாடுகிற பாட்டுகள், அவர்களுடைய ஊர் மொழியில். வைகாசியில் ஒருநாள் அவன் பாடிக்கொண்டிருக்க, இவர் முனகுவது கேட்டது. வலியாக்கும் என்று குசினியிலிருந்து ஓடிவந்தேன். வலி இல்லை. அவர் மெட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில், ஒசாஸின் பாட்டு முடிந்த இடத்தில், இவர் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு தேவாரத்தின் முதல் அடியைப் பாடினார். ஒரு சொல்லும் சிதறாமல், முழுதாக. அரை வருடமாக என் பெயரைச் சொல்ல முடியாத வாய் அது.

பேச்சு அடைபட்டவர்களுக்குச் சிலவேளை பாட்டு முதலில் வரும் என்று ஜூலியா பிறகு விளக்கினார். பிறகு பாட்டின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வந்தது. தண்ணி. பிள்ளை. ராஜி.

இவர் தேவாரம் பாடிய அன்று ஒசாஸ் வழக்கம்போல உடனே மாடிக்குப் போகவில்லை. வாசலில் நின்றான். முழங்கால் போனதிலிருந்து தான் ஜெபிப்பதில்லை என்று சொன்னான். தேவாலயத்துக்கும் போவதில்லை. பாட்டு மட்டும் பழக்கத்தில் வாயில் வருகிறது. "ஓடுறதுக்கெண்டு என்னைப் படைச்சிட்டு, பிறகு காலை உடைச்சவரோட நான் என்னத்தைக் கதைக்கிறது, அக்கா?" என்றான். ஒவ்வொரு ஞாயிறு பின்னேரமும் தன் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, கழகத்தில் நன்றாக விளையாடுகிறேன் என்றுதான் சொல்லிவந்தானாம். ஒரு கோப்பை தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன்.

பயிற்சியால் அவனுடைய காலும் தேறியது. அதுதான் அவனை ஏமாற்றியது. புரட்டாதியில் அவனுடைய ஊர்ப் பெடியன்கள் துறைமுகப் பக்கம் ஒரு திடலில் பந்தடித்தார்கள். இவனும் இறங்கினான். முதல் பாதி பறந்தானாம். இரண்டாம் பாதியில் அதே முழங்கால் முற்றாக விட்டுவிட்டது. ஜூலியா தனக்குத் தெரிந்த எலும்பு வைத்தியரிடம் காட்டினார். நடக்கலாம், கவனமாகப் பாரம் தூக்கலாம், ஆனால் பந்து முடிந்தது என்று அவர் நேராகச் சொல்லிவிட்டார்.

அன்றோடு ஒசாஸைக் காணவில்லை. மொட்டை மாடிப் பெடியன்கள், எங்கே போனான் என்று தெரியாது என்றார்கள். தொலைபேசி நிறுத்தியிருந்தது. சந்தைக்கும் போகவில்லை. பொலிஸ் பிடித்திருக்குமோ, வேறு ஏதும் செய்துகொண்டானோ என்று நினைத்து, படியில் காலடி கேட்கும்போதெல்லாம் கதவைத் திறந்து பார்த்தேன். இந்த முறை மலைக்குப் போகவும் முடியவில்லை. சின்யோராவின் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டே, அம்மா, அந்தப் பிள்ளையைக் கைவிட்டிடாதே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இவர் அப்போது தடியை ஊன்றி வீட்டுக்குள் நடப்பார். படியில் தனியாக இறங்கியதே இல்லை. ஒசாஸ் வராத நாட்களில் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாரோ என்று பயந்தேன். ஒருநாள் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறேன், கதவு திறந்து கிடக்கிறது. கட்டில் வெறுமை. தடியும் இல்லை. செருப்பும் இல்லை.

படியில் ஓடி இறங்கினேன். எங்கும் விழுந்து கிடக்கவில்லை. சந்தைக்குள் ஓடினேன். மீன்காரர் எங்களைத் தெரிந்தவர். உன் புருஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் போனார், உதவி வேண்டுமா என்று கேட்டால் கையை உதறுகிறார் என்றார். ஒலிவ் விற்கிறவர் அடுத்த சின்னத் தெருவைக் காட்டினார். கடைசியில் நைஜீரியப் பெண்கள் தலை பின்னுகிற ஒரு கடை. ஒருவர் வந்து எங்கள் எல்லோரையும் பார்த்து ஒசாஸ், ஒசாஸ் என்று மட்டும் கேட்டார் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். எதிரே தரைமட்டத்தில் இருந்த ஓர் அறையைக் காட்டினார்கள்.

உள்ளே ஒரு கட்டிலில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். இவருடைய சேட்டு வியர்வையில் தோய்ந்திருந்தது. எங்கேயோ ஒரு தரம் விழுந்திருக்கிறார், காற்சட்டை முழங்காலில் கிழிந்து இரத்தம் தெரிந்தது. ஒசாஸ் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். இவர் இடது கையை அவன் முதுகில் வைத்திருந்தார். சொல்லைத் தேடித் தேடி, கடைசியில் சொன்னார்.

"வா. நடப்பம்."

ஒசாஸ் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நேற்றுத்தான் அக்கா, கனகாலத்துக்குப் பிறகு கடவுளோட கதைச்சனான். நான் ஆருக்காவது தேவையெண்டா அந்த ஆளை இஞ்சை அனுப்பு எண்டு கேட்டனான். பாஸ்டர் வருவார், இல்லாட்டி ஆரும் வராயினம் எண்டு நினைச்சன்." இவரைக் காட்டினான். "நடக்கேலாத ஆள் நடந்து வந்தவர்."

அந்த அறை வாசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. மலையில் கேட்கத் துணியாத ஒன்றை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் மூன்று மாடி இறங்கி, பல்லரோ முழுவதும் நடந்து, இன்னொருவனைத் தேடிக் கண்டுபிடித்திருந்தார். எனக்காக நடக்காத மனிதர், மகளுக்காக நடக்காத மனிதர், அந்தப் பிள்ளைக்காக நடந்தார். எனக்கு அதில் ஒரு துளி வருத்தமும் வரவில்லை.

அன்று மூன்று மாடியும் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டே ஏறினார்கள். நானும் மகளும் பின்னால் வந்தோம்.

ஒசாஸ் மறுபடி தன் தேவாலயத்துக்குப் போகத் தொடங்கினான். கராஜ் ஒன்றுக்குள் நடக்கிற சின்னச் சபை அது. எங்களை ஒருநாள் கூட்டிக்கொண்டு போனான். அவன் மேளம் அடித்தான், இவர் இடது கையால் தொடையில் தாளம் போட்டார். பிறகு 2007 வசந்தத்தில் நாங்கள் அவனை மலைக்குக் கூட்டிப் போனோம். இவர் பஸ்ஸால் இறங்கி, தடியோடு தானே குகைப் படி ஏறினார். ஒசாஸ் ரோசாலியா அம்மாவுக்கு முன்னால் தன் முறையில் கண்ணை மூடி நின்றான். நான் என் முறையில் கும்பிட்டேன்.

அந்த வருடம் என் சின்யோராவின் தமையனுக்கு பார்க்கின்சன் என்கிற நடுக்க வருத்தம் கூடிவிட்டது. நகரத்தின் கால்சாப் பகுதியில் தனியாக இருந்த கிழவர். வந்த ஆட்கள் எல்லோரையும் ஏசித் துரத்தியிருந்தார். உனக்குத் தெரிந்த பொறுமையான ஆள் யாரும் உண்டா என்று சின்யோரா என்னைக் கேட்டார். ஒசாஸைச் சொன்னேன். முதல்நாள் கிழவர் அவனுக்குச் செருப்பால் எறிந்தாராம். அவன் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து அவருக்கே போட்டுவிட்டு, வாருங்கள், வெளியில் போவோம் என்றானாம். பிறகு அவர் ஒசாஸ் இல்லாமல் கோப்பிகூடக் குடிக்கவில்லை. தான் எதற்காக இந்த ஊருக்கு வந்தேன் என்பது அந்த வீட்டில்தான் தனக்குத் தெளிவாகத் தெரிந்தது என்று ஒசாஸ் சொல்வான். விழுந்தவர்களுக்குப் பக்கத்தில் இருக்க அவனுக்குத் தெரியும். தானும் விழுந்தவன் என்பதால் அவர்களுக்கு அவனோடு வெட்கம் இல்லை.

2009 இலையுதிர்காலத்தில், வீடுகளில் முதியவர்களைப் பராமரிக்கிறவர்களுக்கு அரசாங்கம் பெர்மெசோ கொடுக்கப்போகிறது என்று செய்தி வந்தது. கிழவரின் குடும்பம் முந்திக்கொண்டு அவனுக்காக விண்ணப்பித்தது. மார்கழியில் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். கிழவர் நடுங்குகிற கையால் தானே கையெழுத்து வைப்பேன் என்று சக்கர நாற்காலியில் போனார். பெயர் எழுதி முடியும்வரை அங்கே இருந்த எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தார்களாம்.

அந்த ஞாயிறு ஒசாஸ் எங்கள் வீட்டிலிருந்து தன் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தான். இன்றைக்கு உண்மையைச் சொல்லப்போகிறேன், பக்கத்தில் இருங்கள் என்று எங்களைக் கேட்டான். தான் ஒரு கழகத்திலும் விளையாடவில்லை, முழங்கால் எப்போதோ போய்விட்டது, ஒரு கிழவரைக் குளிப்பாட்டி உணவூட்டுகிற வேலைதான் செய்கிறேன் என்று அவனுடைய மொழியில் சொன்னான். பிறகு அந்த அம்மா சிரிக்கிற சத்தம் எங்களுக்கே கேட்டது. அவர் சொன்னதை ஒசாஸ் பிறகு எங்களுக்குச் சொன்னான்.

"மகனே, பந்து விளையாடுறவன் ஒவ்வொரு ஞாயிறு பின்னேரமும் எனக்கு எப்பிடித் தொலைபேசி எடுப்பான்? அப்பதானே எல்லாரும் விளையாடுறவை. எனக்கு முதல் வருஷமே தெரியும். நான் கடவுளிட்டைப் பந்து கேக்கேல்லை. நீ போற இடத்தில ஆருக்காவது உதவியாய் இருக்கவேணும் எண்டுதான் கேட்டனான்."

அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. அழுதோம், சிரித்தோம், மறுபடி அழுதோம்.

என் கணவரின் வலது கை முழுதாகத் திரும்பவில்லை. பேச்சு இன்னும் தட்டுப்படும். உணவக வேலைக்குப் போக முடியாது. தெரிந்தவர் ஒருவருடைய மளிகைக் கடையில் காலை நேரம் இருக்கிறார். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்டதெல்லாம் கேட்டபடியே வரும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வரவில்லை. ஆனால் இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதில்லை. ஒசாஸ் வருகிற வருடம் முதியோர் பராமரிப்புப் படிப்பில் சேரப்போகிறான். தன் அறையில் பந்து இன்னும் வைத்திருக்கிறான். மகளோடு முற்றத்தில் நின்றபடி தட்டிக்கொடுப்பான்.

நானும் மாறிவிட்டேன். முன்பெல்லாம் பயந்து பயந்து கொஞ்சமாகக் கேட்பேன். இப்போதும் கொஞ்சமாகத்தான் கேட்கிறேன், ஆனால் பயம் இல்லை. என் கேள்விக்குள் அடங்காததையும் தருகிறவள் அவள் என்று கண்டுவிட்டேன். தாயே, உனக்கு என் ஆயுள் உள்ளவரை நன்றி.

உங்களில் யாராவது இப்போது ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, இனி என்ன என்று தெரியாமல் இதை வாசிக்கக்கூடும். கோயிலோ, குகையோ, கராஜோ, உங்கள் குசினியோ, எங்கே நின்றாவது கேளுங்கள். பெரிதாகக் கேட்க முடியாவிட்டால் சின்னதாகக் கேளுங்கள். பிறகு ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் ஆள் எந்த மாடியில் படுத்திருக்கிறார் என்று சொல்லுங்கள். இவரும் ஒசாஸும் அந்த நேரத்தில்தான் அப்படிப் படுத்திருக்கிறவர்களைத் தேடி வெளிக்கிடுவார்கள். மெதுவாகத்தான் ஏறுவார்கள். ஆனால் வருவார்கள்.